புரதம் போய் ஒட்டினா ஜீன் எப்படி ஆன் ஆகுது, ஆறு மாசம் கழிச்சு ஏன் சிக்கிள் செல் தெரியுது

தங்கச்சி, நீ ரெண்டு கேள்வி கேட்டிருக்க, ஆனா எனக்கு ரெண்டும் ஒரே கேள்வியாத்தான் தெரியுது. மொதல்ல கேட்டது, உடம்புல எல்லா செல்லுலயும் அதே டிஎன்ஏதானே இருக்கு, அப்புறம் ரத்த செல்லு மட்டும் எப்படி ஹீமோகுளோபின் ஜீனை ஆன் பண்ணுது, நர்ஸிங் புக்குல "டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் ஒட்டும், ஜீன் ஆக்டிவேட் ஆகும்"னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க, ஒட்டினதுக்கு அப்புறம் நெஜமா என்ன நடக்குதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்கன்னு. ரெண்டாவது, கூடலூர் பக்கம் அய்யன்கொல்லியில இருக்கிற உங்க அக்கா பையன் பொறந்தப்போ நல்லா இருந்தான், ஆறு மாசத்துக்கு மேலதான் கையும் காலும் வீங்கி ராத்திரியெல்லாம் அழ ஆரம்பிச்சான், இப்போ கேரளாவுல சுல்தான் பத்தேரியில டெஸ்ட் எடுத்ததுல சிக்கிள் செல்னு, சிவப்பணு அருவா மாதிரி வளையற பரம்பரை ரத்த நோய்னு வந்திருக்கு, ஊர்ல பெரியவங்க தடுப்பூசி போட்டதாலதான் வந்துச்சுங்கிறாங்க, அது உண்மையான்னு.

ஊசி விஷயத்தை மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா அக்கா அடுத்த ஊசிக்கு கூட்டிட்டுப் போகாம விட்டுடக்கூடாது. ஊசிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அந்தப் பையன் கருவா உருவான நாள்லயே இந்த மாற்றம் அவன் டிஎன்ஏவுல இருந்துச்சு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு. ஆறு மாசம் வரைக்கும் அது ஏன் வெளிய தெரியலைங்கிறதுதான் உன் மொதல் கேள்விக்கே பதில், அதனால கொஞ்சம் பொறுமையா படி, நீளமாத்தான் வரும்.

டிஎன்ஏ நம்ம ஒவ்வொரு செல்லுலயும் நீட்டிப் போட்டா கிட்டத்தட்ட 2 மீட்டர், அது போய் உக்காந்திருக்கிற நியூக்ளியஸ் ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு அளவுதான். அதனால அது சும்மா நீளமா கெடக்காது, ஹிஸ்டோன்னு சொல்ற எட்டு புரதம் சேர்ந்த ஒரு உருண்டை மேல டிஎன்ஏவோட 147 எழுத்து (ஏ, டி, ஜி, சின்னு வர்றதுதான் எழுத்து) சுத்தியிருக்கும், அப்புறம் கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு உருண்டை, இப்படியே போகும். இந்த உருண்டைக்கு பேரு நியூக்ளியோசோம். இதுல முக்கியமான சங்கதி என்னன்னா, இப்படி சுத்தி வச்சிருக்கிற எடத்துல ஜீனைப் படிக்கிற மெஷின் வந்து உக்கார முடியாது. அதாவது நம்ம செல்லுல ஒரு ஜீனோட சாதாரண நிலை ஆஃப். புக்குல மொதல்ல லாக் ஓபரான்னு ஒரு ஜீன் கூட்டத்தைச் சொல்லிக் குடுத்திருப்பாங்க, ஜேக்கப்பும் மோனோவும் 1961-ல எழுதினது, அது பாக்டீரியா கதை, அங்க டிஎன்ஏ பெரும்பாலும் திறந்தே இருக்கும், ரிப்ரெசர் புரதம் வந்து தடுத்தாத்தான் நிக்கும். அதை மனசுல வச்சுக்கிட்டு மனுஷ செல்லைப் படிச்சா குழப்பமாத்தான் இருக்கும், இங்க யாராவது வந்து திறந்து விட்டாத்தான் ஓடும்.

படிக்கிற மெஷின்னு சொன்னது ஆர்என்ஏ பாலிமரேஸ் 2. பன்னிரண்டு புரதம் சேர்ந்த பெரிய உருப்படி. இது ஜீனைப் படிச்சு ஆர்என்ஏ எழுதும், அந்த ஆர்என்ஏவை வச்சு ரைபோசோம் புரதம் செய்யும், அது உனக்குத் தெரியும். ஆனா இந்தப் பாலிமரேஸுக்கு ஜீன் எங்க ஆரம்பிக்குதுன்னு தானா கண்டுபிடிக்கத் தெரியாது. ஜீனுக்கு முன்னாடி இருக்கிற புரமோட்டர்ல டிஎஃப்2டிங்கிற புரதக் கூட்டம் வந்து உக்காரணும், அதுல இருக்கிற டிபிபின்னு ஒரு புரதம் டாட்டா பாக்ஸ்ங்கிற எழுத்து வரிசையில பிடிச்சு டிஎன்ஏவையே நல்லா வளைச்சு விடும், அப்புறம் டிஎஃப்2பி, அப்புறம் பாலிமரேஸ், கடைசியா டிஎஃப்2ஹெச் வந்து செல்லோட எரிபொருளான ஏடிபியை செலவு பண்ணி ரெண்டு இழையையும் பிரிச்சு விடும். இத்தனையும் கூடி வரணும். இதோட படத்தை அணு அணுவா எடுத்ததுக்காகத்தான் ரோஜர் கோர்ன்பெர்குக்கு 2006-ல வேதியியல் நோபல் குடுத்தாங்க.

இந்தக் கூட்டம் எல்லா ஜீனுக்கும் பொது. எல்லா செல்லுலயும் இருக்கும். அப்போ எந்த ஜீனுக்குப் போகணும்னு முடிவு பண்றது யாரு? அதுதான் நீ கேட்ட டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டருங்க, அதுல ஆன் பண்ற வகைக்கு ஆக்டிவேட்டர்னு பேரு.

ஒரு ஆக்டிவேட்டர் புரதத்துல ரெண்டு பாகம் இருக்கும். ஒரு பாகம் டிஎன்ஏவுல ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசையைப் பிடிக்கும், இன்னொரு பாகம் மத்த புரதங்களைப் பிடிக்கும். இது ரெண்டும் தனித்தனின்னு காமிச்சது 1985-ல பிரெண்ட்டும் டாஷ்னேவும் செஞ்ச ஒரு பரிசோதனை, எனக்கு ரொம்பப் பிடிச்சது, கிளாஸ்ல எடுக்கும்போது இதை விடவே மாட்டேன். ஈஸ்ட்ல கேல்4னு ஒரு ஆக்டிவேட்டர் இருக்கு. அதோட டிஎன்ஏ பிடிக்கிற பாகத்தை வெட்டிப் போட்டுட்டு, பாக்டீரியாவுல இருந்து லெக்ஸ்ஏன்னு சம்பந்தமே இல்லாத ஒரு புரதத்தை அந்த எடத்துல ஒட்ட வச்சாங்க. அப்புறம் ஈஸ்ட் ஜீன் ஒண்ணுக்கு முன்னாடி லெக்ஸ்ஏ பிடிக்கிற வரிசையை வச்சாங்க. ஜீன் ஆன் ஆயிடுச்சு. அப்படின்னா என்ன அர்த்தம், டிஎன்ஏவைப் பிடிக்கிற பாகத்தோட வேலை எடத்தைக் காட்டறது மட்டும்தான், எந்த வழியில வந்து நின்னாலும் சரி, அந்த இன்னொரு பாகம் ஜீன் பக்கத்துல இருந்தா போதும். நீ மனசுல வச்சுக்க வேண்டிய ஒரே விஷயம் இதுதான். ஆக்டிவேட்டர் ஜீனுக்கு எதுவும் பண்றதில்ல, அதை முறுக்கறதில்ல, கரண்ட் குடுக்கறதில்ல. படிக்கிற மெஷினும் அதுக்கு வேண்டிய ஆளுங்களும் அந்த எடத்துல அதிக நேரம் தங்குற மாதிரி ஒட்டி வைக்குது, அவ்வளவுதான் அது பண்றது.

இப்போ நம்ம விஷயத்துக்கு, ரத்தத்துக்கு வருவோம். எலும்பு மஜ்ஜையில சிவப்பணு உருவாகிற செல்லுல கேட்டா1ன்னு ஒரு புரதம் இருக்கு. ஜி-ஏ-டி-ஏங்கிற நாலு எழுத்தைப் பிடிக்கறதால அந்தப் பேரு. கிட்டத்துல போய் பாத்தா, புரதத்தோட ஒரு சின்ன மடிப்புல சிஸ்டீன்ங்கிற அமினோ அமிலம் நாலு சேர்ந்து ஒரு துத்தநாக அணுவைப் பிடிச்சு வச்சிருக்கும், அந்த துத்தநாகம் இல்லைன்னா மடிப்பே நிக்காது. அந்த மடிப்போட ஒரு பக்கம் டிஎன்ஏவோட அகலமான பள்ளத்துக்குள்ள போய் உக்காரும். ரெண்டு இழையையும் பிரிக்கவே தேவையில்ல, ஏன்னா ஒவ்வொரு எழுத்து ஜோடியோட ஓரமும் அந்தப் பள்ளத்துல வெளிய தெரியும், எங்க ஹைட்ரஜன் இருக்கு, எங்க ஆக்ஸிஜன் இருக்குன்னு ஜோடிக்கு ஜோடி மாறும், அந்த அமைப்பை புரதம் தொட்டே படிச்சிடும். தேடிப் போறதும் கெடயாது, சும்மா மோதிக்கிட்டே திரியும், தப்பான எடத்துல ஒட்டினா ஒடனே கழண்டுடும், சரியான எடத்துல கொஞ்சம் கூட நேரம் நிக்கும். கூட நேரம்னா எவ்வளவு, சில செகண்டு. நான் படிக்கும்போது ஒட்டினா ஒட்டினதுதான்னு நெனச்ச மாதிரி படம் போட்டிருப்பாங்க, உயிருள்ள செல்லுல ஒத்தை மூலக்கூறை மைக்ராஸ்கோப்ல பாத்தப்போதான் இது வந்து வந்து போற விஷயம்னு தெரிஞ்சுது.

இங்க ஒரு சிக்கல் வரும், நீயே யோசிச்சிருப்ப. நாலு எழுத்து வரிசைன்னா அது மொத்த டிஎன்ஏவுல கோடிக்கணக்கான எடத்துல இருக்குமே? இருக்கு. ஆனா கேட்டா1 நெஜமா உக்காந்து வேலை பாக்கிறது ஆயிரக்கணக்கான எடத்துலதான். பாக்கி எடமெல்லாம் நியூக்ளியோசோம்ல மூடியிருக்கும், இல்லைன்னா பக்கத்துல கூட்டாளிங்க உக்கார எடம் இருக்காது. நம்ம கூடலூர் ஜீப் மாதிரிதான், ஒருத்தர் ஏறி உக்காந்தா டிரைவர் எடுக்க மாட்டார், தேவர்சோலைக்கு நாலஞ்சு பேர் சேர்ந்தாத்தான் வண்டி நகரும். கேட்டா1 பக்கத்துல டால்1, கேஎல்எஃப்1, எல்டிபி1ன்னு ஆளுங்க சேரணும். ஒருத்தர் கழண்டாலும் மத்தவங்க பிடிச்சு வச்சிருப்பாங்க, சேர்ந்து நிக்கும்போதுதான் அந்தக் கூட்டம் நிலைக்கும். இதனாலதான் மனுஷ உடம்புல கிட்டத்தட்ட 1600 டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டரை வச்சுக்கிட்டு 20,000 ஜீனை இத்தனை விதமான செல்லுல இத்தனை விதமா ஓட்ட முடியுது, ஒவ்வொரு செல்லுக்கும் கூட்டணி வேற வேற.

கூட்டம் சேர்ந்ததும் என்ன நடக்கும்? பி300ன்னு ஒரு என்சைமைக் கூப்பிடும், அது ஹிஸ்டோனோட வால்ல இருக்கிற லைசின்ங்கிற அமினோ அமிலத்துல அசிடைல்னு ஒரு சின்ன வேதித் துண்டை ஒட்டும். லைசினுக்கு பாசிட்டிவ் சார்ஜ், டிஎன்ஏவுக்கு நெகட்டிவ், அதனாலதான் இறுக்கமா பிடிச்சிருந்துச்சு, அசிடைல் ஒட்டினா அந்த சார்ஜ் போயிடும், பிடி தளரும், அதோட அந்த அசிடைலையே அடையாளமா வச்சு வேற புரதங்களும் வந்து ஒட்டும். இன்னொரு வகை மெஷின் ஏடிபியை எரிச்சு நியூக்ளியோசோமையே நகத்தி விடும். அப்புறம் மீடியேட்டர்னு ஒரு பெரிய கூட்டமைப்பு, ஒரு பக்கம் ஆக்டிவேட்டரையும் இன்னொரு பக்கம் பாலிமரேஸையும் தொட்டுக்கிட்டு நிக்கும். பாலிமரேஸ் ஓட ஆரம்பிச்சா நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் எழுத்து எழுதும், ஹீமோகுளோபினோட ஒரு பாகத்தைச் செய்ற பீட்டா குளோபின் ஜீன் 1600 எழுத்துதான், ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். ஆனா விடாம ஓடாது, கொஞ்ச நேரம் படபடன்னு நாலஞ்சு ஆர்என்ஏ வரும், அப்புறம் சும்மா இருக்கும், மறுபடி வரும். அதனால சுவிட்சுங்கிற வார்த்தையை ரொம்ப நேரா எடுத்துக்காத, ஆன்னு சொன்னா அந்தப் படபடப்பு அடிக்கடி வருதுன்னு அர்த்தம்.

இப்போ பீட்டா குளோபின் ஜீன் எங்க இருக்குன்னு பாரு. 11-வது குரோமோசோம்ல வரிசையா எப்சிலான், ரெண்டு காமா, டெல்டா, பீட்டான்னு அஞ்சு ஜீன். இதுங்களை ஓட்டுறதுக்கு வேண்டிய பெரிய என்ஹான்சர் கூட்டம் (என்ஹான்சர்னா ஆக்டிவேட்டருங்க உக்காந்து தூரத்துல இருந்தே ஜீனை ஓட்டுற டிஎன்ஏ துண்டு), எல்சிஆர்னு பேரு, அது எப்சிலானுக்கும் முன்னாடி இருக்கு, பீட்டாவுல இருந்து பாத்தா கிட்டத்தட்ட 50,000 எழுத்து தள்ளி. அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு எப்படி ஆன் பண்ணும்? டிஎன்ஏ வளைஞ்சு வந்து ரெண்டும் நேருக்கு நேர் தொடும், 2002-ல இதை நேரடியா காமிச்சாங்க. வளைஞ்சதாலதான் ஆன் ஆச்சா, இல்ல ஆன் ஆனதால வளைஞ்சுதான்னு அப்போ சண்டை. பிலடெல்ஃபியாவுல ப்ளோபெல் குரூப் 2012-ல அதைத் தீத்து வச்சாங்க. கேட்டா1 இல்லாத செல்லை எடுத்தாங்க, அதுல பீட்டா ஜீன் ஓடாது, வளையவும் வளையாது. எல்டிபி1ங்கிற புரதத்துக்கு தன்னைத்தானே பிடிச்சுக்கிற ஒரு பாகம் இருக்கு, அதை ஒரு செயற்கை துத்தநாக மடிப்போட ஒட்டி பீட்டா புரமோட்டர்ல கொண்டு போய் உக்கார வச்சாங்க. டிஎன்ஏ வளைஞ்சுது, கேட்டா1 இல்லாமலே ஜீன் பெருமளவு ஓட ஆரம்பிச்சுது. 1985-ல ஈஸ்ட்ல பாத்த அதே விஷயம்தான், கிட்ட கொண்டு வந்தா போதும்.

ரெண்டு வருஷம் கழிச்சு அதே குரூப் அதே வித்தையை காமா ஜீன் மேல பண்ணாங்க. பெரியவங்களோட சிவப்பணு செல்லுல காமா ஆஃபாத்தான் இருக்கும். எல்சிஆரை வலுக்கட்டாயமா காமா பக்கம் திருப்பினதும் காமா ஏறுச்சு, பீட்டா எறங்குச்சு. ஏன் எறங்கணும்? ஏன்னா எல்சிஆர் ஒண்ணுதான், ஜீனுங்க அதுக்காக போட்டி போடுதுங்க. இதுதான் தங்கச்சி, உங்க அக்கா பையன் கதை.

வயித்துல இருக்கிற கொழந்தைக்கு ஹீமோகுளோபின் ஆல்ஃபாவும் காமாவும் சேர்ந்தது, ஃபீட்டல் ஹீமோகுளோபின், ரிப்போர்ட்ல எஃப்னு வரும். பொறந்ததுக்கு அப்புறம் காமா மெல்ல மெல்ல நின்னு பீட்டா ஏறும். பெரியவங்ககிட்ட எஃப் ஒரு சதவீதம்கூட இருக்காது. சிக்கிள் செல் மாற்றம் இருக்கிறது பீட்டா ஜீன்ல, ஆறாவது அமினோ அமிலம் குளுட்டமிக் அமிலத்துக்குப் பதிலா வேலின், ஜி-ஏ-ஜி வரவேண்டிய எடத்துல ஜி-டி-ஜி, ஒரே எழுத்து. காமா ஓடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் அந்த எழுத்து தப்பா இருந்தாலும் ஒண்ணும் தெரியாது, ஏன்னா அந்த ஜீனையே சரியா படிக்க ஆரம்பிக்கலையே. பீட்டா ஆன் ஆகி, அந்த மாறின பீட்டாவால ஆன எஸ் ஹீமோகுளோபின் நெறைய சேர்ந்த பிறகுதான் ஆக்ஸிஜன் கொறையும்போது அதுங்க ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு அணுவை அருவா மாதிரி வளைக்கும், சின்ன ரத்தக்குழாய்ல அடைக்கும், கைவிரல் கால்விரல் எலும்புல அடைச்சா வீக்கமும் வலியும். இதை 1948-லயே நியூயார்க்ல ஜேனட் வாட்சன்னு ஒரு டாக்டரம்மா கவனிச்சாங்க, பொறந்த கொழந்தைங்க ரத்தத்துல அருவா அணு கம்மியா இருக்கு, ஃபீட்டல் ஹீமோகுளோபின்தான் காப்பாத்துது போலன்னு சொன்னாங்க. நம்ம ஊர்ல ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரத்துல பென்டாவேலன்ட் ஊசி, அப்புறம் ஒன்பதாம் மாசம் மீசில்ஸ் ஊசி. காமா நின்னு பீட்டா ஏறுறதும் அதே மாசங்கள்லதான். ரெண்டும் ஒரே நேரத்துல வர்றதால பாக்கிறவங்களுக்கு ஊசியாலன்னு தோணுது, அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது, ஆனா ஊசி போடாத கொழந்தைக்கும் அதே மாசத்துலதான் வரும். அக்காகிட்ட இதை இப்படியே சொல்லு.

காமாவை யாரு நிறுத்துறாங்க? அதுவும் ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்தான், பிசிஎல்11ஏ. இது ஆஃப் பண்ற வகை. காமா புரமோட்டர்ல ஆரம்பத்துக்கு 115 எழுத்து முன்னாடி உக்காந்து, அசிடைலை எடுத்துடற என்சைம்களைக் கூட்டிட்டு வந்து மூடி விடும். காமாவை நிறுத்துறது இதுதான்னு 2008-ல ஹார்வர்டுல ஆர்கின் குரூப் காமிச்சாங்க, எந்த எடத்துல உக்காருதுங்கிறது 2018-லதான் தெளிவாச்சு. சில குடும்பத்துல இந்த எடத்துல ஒரு எழுத்து மாறியிருக்கும், பிசிஎல்11ஏ உக்கார முடியாது, பெரியவங்க ஆன பிறகும் காமா ஓடிக்கிட்டே இருக்கும், அவங்களுக்கு ஒரு நோயும் இல்ல. இன்னும் ஆச்சரியம், வேற சில பேருக்கு ஆரம்பத்துக்கு 175 எழுத்து முன்னாடி இருக்கிற எழுத்து டி-யில இருந்து சி-யா மாறியிருக்கு, அதனால அங்க டால்1 உக்கார புதுசா ஒரு எடம் கெடச்சிடுச்சு, அந்த ஒத்தை எழுத்துக்கே காமா வாழ்நாள் பூரா ஆன்ல இருக்கு.

அப்போ பிசிஎல்11ஏவை எடுத்துட்டா போதுமேன்னு தோணும். ஆனா அது மூளைக்கும் நோய் எதிர்ப்புக்கான பி செல்லுக்கும் வேணும், மொத்தமா எடுக்க முடியாது. இங்கதான் என்ஹான்சர் உதவிச்சு. அந்த பிசிஎல்11ஏ ஜீனை சிவப்பணு செல்லுல ஆன் பண்றது யாருன்னு நெனக்கிற, நம்ம கேட்டா1தான், அந்த ஜீனுக்குள்ளயே இருக்கிற ஒரு என்ஹான்சர்ல உக்காந்து. மூளையில அந்த என்ஹான்சர் வேலை செய்றதில்ல. அதனால கேட்டா1 உக்கார்ற அந்த ஒத்தை எடத்தை மட்டும் கிரிஸ்பர்ங்கிற டிஎன்ஏ கத்திரியை வச்சு வெட்டினா, சிவப்பணு செல்லுல மட்டும் பிசிஎல்11ஏ கொறையும், காமா திரும்ப ஓடும். அதுதான் கேஸ்ஜெவிங்கிற சிகிச்சை. 2023 நவம்பர்ல பிரிட்டன்லயும் டிசம்பர்ல அமெரிக்காவுலயும் அனுமதி குடுத்தாங்க. சிக்கிள் எழுத்தை அது தொடவே இல்ல, அது தப்பாவே இருக்கும், பழைய ஜீனை எழுப்பி விட்டதுலயே பெரும்பாலானவங்களுக்கு கடுமையான வலி நின்னுடுது. ஒரு ஆளுக்கு அமெரிக்காவுல 22 லட்சம் டாலர் விலை, கூடவே கீமோ குடுத்து மஜ்ஜையைக் காலி பண்ணணும். அய்யன்கொல்லிக்கு அது எட்டுற தூரத்துல இல்ல, அது எனக்கு மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கு. ஏன்னா இந்தியாவுல சிக்கிள் செல் மொதல்ல கண்டுபிடிச்சதே 1952-ல நம்ம நீலகிரி மலையில ஆதிவாசி மக்கள்கிட்டதான். வேலூர்ல சிஎம்சி வளாகத்துல இருக்கிற ஸ்டெம் செல் மையத்துல காமா புரமோட்டர்லயே எழுத்தை மாத்தி எஃப்பை ஏத்துற வேலை நடக்குது, 2022-ல பேப்பர் வந்துச்சு, எனக்கு நம்பிக்கை அந்தப் பக்கம்தான்.

கேட்டா1 ஏன் சிவப்பணு செல்லு மாதிரி சில செல்லுல மட்டும் இருக்குன்னு அடுத்து கேப்ப. அதையும் வேற ஃபேக்டருங்கதான் முன்னாடி ஆன் பண்ணியிருக்கும், அதோட கேட்டா1 தன்னோட ஜீன்லயே உக்காந்து தன்னைத்தானே ஓட்டிக்கும், அதனால ஒரு தடவை ஆரம்பிச்சா அந்த செல்லு தன் அடையாளத்தை விடாது. வெளியில இருந்து வர்ற செய்தியும் இப்படித்தான் போகும், உடம்புல ஆக்ஸிஜன் கொறைஞ்சா கிட்னியில ஹிஃப்புங்கிற புரதம் அழியாம தங்கி எரித்ரோபாய்ட்டின் ஜீனை ஆன் பண்ணும், அந்த ஹார்மோன் மஜ்ஜைக்குப் போய் சிவப்பணு செல்லுங்களைப் பிழைக்க வச்சு பெருக வைக்கும். இதைக் கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 2019-ல நோபல்.

பையன் விஷயத்துல இப்போதைக்கு செய்ய வேண்டியது. ஹைட்ராக்ஸியூரியான்னு ஒரு மாத்திரை இருக்கு, வெலை கம்மி, அதுவும் எஃப்பை ஏத்தி விடும், எப்போ ஆரம்பிக்கணும், எவ்வளவு குடுக்கணும்னு டாக்டர் பாத்து சொல்லுவாங்க. கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரியில சிக்கிள் செல் பாக்கிறாங்க, பத்தேரிக்கு ஒவ்வொரு தடவையும் தாளூர் தாண்டிப் போக வேண்டியதில்ல. சிக்கிள் செல்லு இருக்கிற கொழந்தைக்கு மண்ணீரல் சீக்கிரம் கெட்டுடும், நிமோனியா கிருமி வந்தா தாங்காது, அதனால மத்த கொழந்தைங்களை விட இவனுக்குத்தான் நிமோகாக்கல் ஊசி கட்டாயம் வேணும், பென்சிலினும் குடுப்பாங்க. ஜுரம் வந்தா வீட்டுல வச்சுக்காம அன்னிக்கே கொண்டு போகணும், தண்ணி நெறைய குடிக்க வைக்கணும், நம்ம மழைக்குளிர்ல நனைய விடக்கூடாது. பத்தேரியில எடுத்த, ஹீமோகுளோபின் வகையைப் பிரிச்சுக் காட்டுற ஹெச்பிஎல்சி ரிப்போர்ட்ல எஃப், எஸ், ஏ2ன்னு மூணு அளவு போட்டிருப்பாங்க, எஸ் எவ்வளவு, எஃப் எவ்வளவுன்னு எனக்கு எழுது. இந்தியாவுல இருக்கிற சிக்கிள் செல் வகையில பல பேருக்கு எஃப் கொஞ்சம் கூடவே இருக்கும், இவனுக்கும் அப்படி இருந்தா நல்லது. அப்பா அம்மா ரெண்டு பேரோட ரிப்போர்ட்டும் இருந்தா சேர்த்து அனுப்பு.